ஆகஸ்ட் முழங்கால்

ஆகஸ்ட் பிறந்தால் ஆல்டர்சி சாருக்கு முழங்கால் வலிக்கும். ஊருக்கே அது சிரிப்பு.

பல்கலைக்கழகத்துக்காக லார்ட்ஸ் மைதானத்தில் சதம் அடித்தவர். இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் பூகோள வாத்தியார். கோடை விடுமுறை விட்டதும் எங்கள் மாவட்டத்துக் கவுண்டி கிரிக்கெட் அணி அவரை ஆடக் கூப்பிடும். ஏழு வருடமாக ஒரே பதில், முழங்கால்.

நான் ரயில் நிலையத்தில் டிக்கெட் சரிபார்ப்பவன். தொழிற்சங்கக் கிளைச் செயலாளன். முப்பது வருடத்தில் எந்தக் கனவானுக்கும் தொப்பியைக் கழற்றியதில்லை.

1934 ஜூலை கடைசி. அணித் தலைவர் கேப்டன் ரோஸ்கோ நேரிலேயே வந்து கேட்டுவிட்டு, ரயிலுக்குக் காத்திருந்தார். வழியனுப்ப ஆல்டர்சி வந்திருந்தார், நொண்டிக்கொண்டே.

"யார்க்‌ஷயரோட ஆட்டம்யா. ஊரே உங்களைப் பார்க்கத்தான் வரும்."

"முழங்கால் விடமாட்டேங்குது, ரோஸ்கோ."

கேப்டன் சலித்துக்கொண்டு தேநீர்க் கடைப் பக்கம் போனார்.

என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "சார், ஜூலை முழுக்கப் பசங்களுக்கு ஓடி ஓடிப் பந்து போடுற முழங்கால், ஆகஸ்ட்ல மட்டும் எப்படி மக்கர் பண்ணுது?"

"வெயில் ஒத்துக்கலை, டாஸ்கர்."

"வெயிலா? நம்ம ஊர்லயா? பயம்னு பேசிக்கிறாங்க, சார்."

"பேசட்டுமே" என்று சிரித்தார்.

நடைபாலம் வரை நொண்டினார். கேப்டனின் முதுகை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

"பார்த்தியாடா? இரு, கேப்டனைக் கூப்பிட்டுக் காட்டுறேன். இன்னியோட இந்த வேஷம் கலையட்டும்" என்றேன், பக்கத்தில் பையோடு நின்ற என் தம்பி அர்னால்டிடம்.

அர்னால்டு அதே கவுண்டி அணியில் கூலிக்கு ஆடுபவன். அதே ரயிலில்தான் அவனும் போகிறான். காசு வாங்காமல் ஆடும் கனவானான கேப்டனுக்கு முதல் வகுப்பு, கூலிக்காரன் இவனுக்கு மூன்றாம் வகுப்பு. மைதானத்தில் இறங்கவும் தனித்தனி வாசல். ஒரே அணிதான்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம் அண்ணே."

"ஏன்டா?"

"லீவுல அவரு காசு வாங்காம ஆட வந்தா, கூலிக்காரன் ஒருத்தன் வெளிய உட்காரணும். உட்கார்ந்தவனுக்குக் கூலி கிடையாது. முதல் வருஷம் வர்றேன்னுதான் சொன்னாரு. அப்புறம், எனக்காக யாரை வெளிய உட்கார வைப்பீங்கன்னு கேட்டிருக்காரு. என் பேரைச் சொன்னாங்களாம். அன்னிக்கு வந்த வலி."

ஏழு வருட வேலைநிறுத்தம். கொடி இல்லை, கோஷம் இல்லை, ஒரே ஆள்.

"இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ மேடை போட்டுப் பேசிடுவே. அப்புறம் அவரால நொண்ட முடியுமா?"

ரயில் வந்தது. பெட்டியில் ஏறிய கேப்டன் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"டாஸ்கர், நீ தினம் பார்க்கிறவன். நிஜமாவே அவர் முழங்கால் அவ்வளவு மோசமா?"

மேலிடத்தாரிடம் அதுவரை நான் பொய் சொன்னதில்லை. எதுவானாலும் முகத்துக்கு நேராகத்தான்.

"படியே ஏற முடியலை, கேப்டன். இப்பதான் கைத்தாங்கலா ஏத்திவிட்டேன்."

ரயில் நகர்ந்தது. பாலத்தின் உச்சியில் நின்று ஆல்டர்சி கையசைத்தார்.

நான் தொப்பியைக் கழற்றினேன்.

தனக்குத்தான் என்று நினைத்து, ஜன்னலிலிருந்து கேப்டன் பெருமையாகத் தலையசைத்தார்.