ஒன்பது மணி நேரப் பாட்டு

“கல்யாணத்துக்கு இன்னும் நாற்பத்தோரு மணி நேரம்தான் இருக்கு. பொண்ணு இங்க வந்து ஹெட்போன் பார்த்துட்டு நிக்கா! யாருகிட்ட போய்ச் சொல்ல?”

தோழி நதியா போட்ட சத்தத்தில் மொபைல் கடையே திரும்பிப் பார்த்தது. சித்ராதேவி மருதாணி வைத்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜாக்கெட் வாங்கப் போவதாக அம்மாவிடம் ஒரு மணி நேரம் கேட்டு வந்திருந்தாள். அதில் அரை மணி போய்விட்டது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். அன்று மாலையே மாப்பிள்ளை ஊரான மூலனூருக்குப் பயணம். அதற்குள் ஹெட்போன் கையில் இருந்தாக வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

“ஒயர்லெஸ் எடுத்துக்கங்கக்கா” என்றான் கடைக்காரத் தம்பி தனுஷ். “காதுல வெச்சா முடிக்குள்ள மறைஞ்சுக்கும். மேல பூ வேற வெச்சுட்டீங்கன்னா யாருக்கும் தெரியாது.”

சித்ராவின் கண் மின்னியது. “மாமியாருக்குக்கூடத் தெரியாதுங்களா?”

“உங்களுக்கே தெரியாதுங்க்கா.”

“சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குமுங்க?”

“அஞ்சு மணி நேரம்.”

அவள் பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். “பத்தாதுங்க. ஒம்பது மணி நேரம் நிக்கோணும். நடுவுல நின்னுபோகவே கூடாது.”

“அப்ப ஒயர் வெச்சதுதான். போன்ல சார்ஜ் இருக்கற வரைக்கும் ஓடும். ஆனா ஒயர் தொங்கும், ஊருக்கே தெரியும்.”

“பொரண்டு படுத்தா கழண்டுக்குமுங்களா?”

தனுஷ் நதியாவைப் பார்த்தான். நதியா கூரையைப் பார்த்தாள். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

“ஏனுங்க்கா, மாப்பிள்ளை குறட்டை விடுவாருங்களா? அதுக்குத்தான் காதை அடைக்கறீங்களா?”

“அவரு குறட்டை விட்டா நல்லாத்தான் இருக்கும்” என்றாள் சித்ரா, ஏக்கத்தோடு.

“அடிப்பாவி! குறட்டைக்குக்கூட ஏங்குதியே!” நதியா அவள் தோளில் ஒரு அடி போட்டாள்.

நதியாவுக்கு இது புதிதில்லை. மூன்று வருடமாக ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சித்ராவின் வீடு மாடியில். கீழே பனியன் துணி பின்னும் அவள் அப்பாவின் எட்டு நிட்டிங் மெஷின்கள். அந்த வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். இவள் ஒருத்திதான் வாயே திறக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் போன மாதம் மூலனூரில் பெரியம்மா வீட்டுக்கு, அதாவது மாப்பிள்ளையின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்கு, இரண்டு நாள் போய்விட்டுக் கண் சிவந்து வந்தாள். “ரெண்டு நாளும் பொட்டுத் தூக்கம் இல்ல நதி” என்றாள். காதல் என்று நதியா அன்றே முடிவு கட்டிவிட்டாள். மாப்பிள்ளை செந்தில்வேலிடமும் போனில் சொல்லிவிட்டாள். அன்று முழுக்க அவர் சித்ராவுக்கு அனுப்பிய இதயப் படங்களை எண்ணி மாளவில்லை.

“சரி, அப்படி என்னட்டி பாட்டு கேக்கப்போற, ஒம்பது மணி நேரம்?”

“ஒண்ணே ஒண்ணுதான்.”

“ஒரே பாட்டா? ஒம்பது மணி நேரமும்?”

“பாட்டுன்னே வெச்சுக்கோ.”

நதியாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. “மாப்பிள்ளை பாடி அனுப்பியிருக்காரு! அதானே? போனைக் குடு, ஒரு வரி கேக்கேன்!”

சித்ரா போனைப் பின்னால் மறைத்தாள். நதியா எட்டிப் பறித்தாள். அதே நேரம் போன் அடித்தது. செந்தில்வேல்! நதியா துள்ளிக் குதித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“சித்ரா, ஜாக்கெட் எடுத்தாச்சா?”

“ஜாக்கெட் இல்லண்ணே, ஹெட்போன்! ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம் மாட்டிக்கிடுவாளாம். உங்க அம்மாவுக்குத் தெரியாம இருக்கணுமாம். இனி உங்க பேச்சு அவ காதுல ஏறுமான்னு பார்த்துக்கிடுங்க!”

அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று நதியா காத்திருந்தாள்.

“சித்ரா…” அவர் குரல் இறங்கியிருந்தது. “எங்ககூடப் பேசப் பிடிக்காமத்தான் காதை அடைச்சுக்கறியா? எங்க ஊடு உனக்குப் பிடிக்கலியா? எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிரு கண்ணு.”

 விளையாட்டு வினையாகிவிட்டதே என்று நதியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சித்ரா ஒயர்லெஸ் பெட்டியைத் தள்ளி வைத்தாள். சிவப்பு ஒயர் வைத்த பாக்கெட்டை எடுத்துத் தனுஷிடம் நீட்டினாள். “இதையே போடுங்க தம்பி. இனி யாருக்குத் தெரிஞ்சா என்ன?”

பிறகு போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல்முறையாக, அவள் வீட்டார் பேசுகிற அதே சத்தத்தில் கத்தினாள்.

“ஊடு பிடிச்சிருக்குதுங்க, உங்களையும் ரொம்பப் பிடிச்சிருக்குதுங்க! ஆனா அன்னிக்கு ரெண்டு நாள் நான் தூங்காம இருந்தது உங்களை நெனைச்சு இல்லீங்க. உங்க ஊர்ல ஒரு சத்தமும் இல்லீங்க! பொறந்ததுல இருந்து ராத்திரியெல்லாம் கீழ மெஷின் ஓடுனாத்தான் எனக்குக் கண்ணு சொக்குமுங்க. இந்த ஹெட்போன்ல நான் கேக்கப்போறது, எங்கப்பா பதிஞ்சு குடுத்த எட்டு நிட்டிங் மெஷின் சத்தமுங்க!”