வெள்ளச்சி கம்பியை விட்டாள்

ஓர் ஆய்வுக்கூடத்தில் வெள்ளச்சி என்ற சுண்டெலியும் அவள் தம்பி துரும்பனும் ஒரே கூண்டில் இருந்தார்கள். இருவருக்கும் பிறவியிலேயே தசை நலியும் நோய். வாரம் ஒருமுறை ஆய்வாளர் அம்மா அவர்களின் வலுவை அறியக் கம்பியில் தொங்கவிட்டுப் பார்ப்பார். துரும்பன் பொத்தென்று கீழே விரித்த மெத்தையில் விழுவான். அவனுக்கு மருந்து கிடைக்கும். வெள்ளச்சி பல்லைக் கடித்துக்கொண்டு தொங்குவாள். “பெண் எலியை இது அவ்வளவாகத் தாக்காது” என்று எழுதிக்கொண்டு அவர் போய்விடுவார்.

கூண்டுக்குத் திரும்பியதும் அவள் பின்கால்கள் வெடவெடவென்று நடுங்கும். மரத்தூளுக்குள் புதைத்து மறைத்துக்கொள்வாள். ஒருநாள் துரும்பன் பார்த்துவிட்டான்.

“இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு ஏன்க்கா விடாம தொங்குறே?”

“நானும் விழுந்துட்டா உன்னை யாருடா பாத்துக்குவாங்க?”

“நீ விழாமலே இருந்தா உன்னை யாருக்கா பாத்துக்குவாங்க?”

அடுத்த வாரம் கைகள் கெஞ்சியபோது வெள்ளச்சி கம்பியை விட்டாள்.

ஆய்வாளர் அம்மா பதறி அவளை உள்ளங்கையில் ஏந்தி, நடுங்கும் கால்களைத் தடவினார். “இத்தனை நாளா இப்படியா இருந்தே?” என்றார். அன்றிலிருந்து கூண்டிலிருந்த இருவருக்கும் மருந்து வந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில், வெள்ளச்சி எதையும் பிடிக்காமல் பின்கால்களில் எழுந்து நின்றாள்.

“துரும்பா, இங்கே பாருடா!”