ஒற்றை மணி

மூன்றோடு நின்றிருக்க வேண்டிய டெலிபோன் நான்காவது முறையும் அடித்தது.

அரிசி களைந்துகொண்டிருந்த ஹுமைராவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது.

அய்யம்பேட்டையில் அந்த வீட்டு டெலிபோன் பேசுவதற்காக வாங்கியதல்ல. ரியாத்தில் சாரத்தில் ஏறி பெயிண்ட் அடிக்கும் அவள் கணவன் ஜாஃபர் சாதிக், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அறைக்குப் பொதுவான செல்போனை வாங்கி அடிப்பான். அடித்த கையோடு வைத்துவிடுவான்.

ஒரு மணி என்றால் சுகம். இரண்டு என்றால் பணம் அனுப்பியாயிற்று. மூன்று என்றால் கடிதம் வருகிறது, விவரம் அதில்.

எடுத்தால்தானே காசு. பெருநாளுக்குப் பெருநாள் இரண்டு நிமிஷம் பேசுவான். எந்த நேரத்தில் அடித்தால் எடுக்க வேண்டும், யார் என்ன பேச வேண்டும் என்று அதற்கும் முன்கூட்டியே கடிதம் வந்துவிடும்.

கட்டிலில் படுத்திருக்கும் மாமி ரஹ்மத் பீவிக்குக் காது மந்தம். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை நேரத்தில் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஹுமைரா ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவாள். மாமி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

போன வெள்ளிக்கிழமை அந்த விரல் எழவில்லை. இன்று திங்கள்.

ஐந்தாவது மணி.

மூன்றுக்கு மேல் அடித்தால் என்ன அர்த்தம் என்று அவன் எழுதியதில்லை. எழுதாமலே தெரியும். போன வருஷம் எதிர்வீட்டு சேக் தாவூதுக்கு இப்படித்தான் ஓயாமல் அடித்தது. அவர் மகன் துபாயில் சாரத்திலிருந்து விழுந்துவிட்ட சேதி.

ஹுமைரா எடுக்கவில்லை. எடுக்காதவரை அவன் நன்றாக இருக்கிறான் என்று ஏதோ ஒரு கிறுக்குத்தனமான கணக்கு மனசுக்குள் ஓடியது.

சிக்கனத்தில் அவளும் அவனுக்குச் சளைத்தவள் அல்ல. கேஸ் அடுப்பு விருந்தாளிக்கு டீ போட மட்டும். சோறு மரத்தூள் அடுப்பில். கரைந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். மீன்காரி மிச்சத்தை மலிவாகத் தள்ளிவிட்டுக் கூடையைக் கவிழ்க்கிற நேரம் பார்த்துத்தான் வாசலுக்கே போவாள். தெருக்கோடியில் அஸ்திவாரத்தோடு நிற்கும் வீட்டுக்காக எல்லாம். டிக்கெட் காசை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி அவன் லீவுக்கு வராமல் இருந்துவிட்டபோதும் அவள் சரி என்றுதான் எழுதினாள். மூன்றரை வருஷம்.

அந்த சரியை எழுதாமலே இருந்திருக்கலாம்.

எட்டாவது மணிக்கு மாமிக்கே கேட்டுவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்து, எத்தனை என்று கையால் கேட்டார்.

ஹுமைரா ஈரக்கையோடு போய் எடுத்தாள். காதில் முதலில் டக்கென்று ஏதோ விழுந்த சத்தம். அதற்குப் பிறகு ஸலாம்.

அவன் குரல்தான்.

சுவரோடு சாய்ந்துகொண்டாள். அந்த நேரத்திலும் அவள் வாயில் வந்தது வேறொன்று.

"என்னன்னு சீக்கிரம் சொல்லுங்க, காசு ஏறுது."

அவனுக்கு அவசரமே இல்லை. உம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். கொல்லையில் வைத்த முருங்கை காய்க்கிறதா என்று கேட்டான். இன்றைக்குச் சோற்றுக்கு என்ன ஆணம் என்று கேட்டான்.

கீரை என்றாள். சொல்லும்போதே வந்த உயிர் மறுபடியும் போயிற்று. மணியை எண்ணி அடிக்கிற மனுஷன் ரியாத்திலிருந்து கூப்பிட்டு ஆணம் என்னவென்று விசாரிப்பானா? ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கடைசியாக ஒரு தடவை பேசுகிறான். அவளுக்கு அப்படித்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பம்பாயில் இறங்கி நின்றானாம். கம்பெனியை மூடிவிட்டார்கள், எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அறை செல்போன் அறையோடு போயிற்று. பம்பாய் பூத்தில் ஒரு மணி அடித்துவிட்டு வைக்கப் போனால் பூத்காரன் சண்டைக்கு வருகிறான். எஸ்டிடிக்குக் காசு அழ அவனுக்கு மனசு வரவில்லை.

அப்படியென்றால் இப்போது எங்கிருந்து பேசுகிறான் என்று அவள் கேட்க வாயெடுத்தாள். கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. அவன் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம். அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம்.

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு.

இனி மாதாமாதம் பணம் வராது, அஸ்திவாரம் அஸ்திவாரமாகவே கிடக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கிடக்கட்டும் என்று இருந்தது. ஆள் முழுசாக வந்துவிட்டான்.

போனை வைத்துவிட்டு அந்த பஸ்ஸில் ஏறும்படி சொன்னாள்.

"அது போனா பத்து நிமிஷத்துல அடுத்தது வரும் புள்ள. ஒரு ரூவாக் காசு போட்டுட்டேன், இன்னும் ஒன்றரை நிமிஷம் கெடக்கு. பேசு."

மூன்றரை வருஷம் மிச்சம் பிடித்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஹுமைரா அழுதாள். அந்த ஒன்றரை நிமிஷத்தையும் அழுதே தீர்த்தாள். அவனும் வைக்கச் சொல்லவில்லை.

கட்டிலில் மாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மருமகள் அழுவதைப் பார்த்து அவர் வாய் கோணத் தொடங்கியது. இரண்டு கையும் மெல்ல மாரை நோக்கி உயர்ந்தன.

ஹுமைரா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள்.