கண்டது, கேட்டது, ஊகித்தது

ஐந்தரைக்கு எழுகிறான். பால் காய்ச்சுகிறான், சட்டைக்கு இஸ்திரி போடுகிறான், கதவைப் பூட்டிப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறான். முதல் வகுப்பில் கரும்பலகையை மூன்று கட்டமாகப் பிரித்து, கண்டது, கேட்டது, ஊகித்தது என்று தலைப்பு எழுதுகிறான். தெரியும் என்று நாம் சொல்வது எதுவானாலும் இதில் ஒன்றில் உட்கார வேண்டும் என்கிறான். "கேன்டீன் டீயில பால் இருக்குங்கறது சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "அது நம்பிக்கைடா, நாலாவது கட்டம் போடச் சொல்லு" என்று இன்னொன்று. வகுப்பு சிரித்து அடங்குகிறது. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. அவனுடைய பக்கத்து வீட்டுப் பெண் முன்வரிசையிலிருந்து தயங்கி எழுகிறாள். "சார், உங்க வீட்டு அக்கா சாகறப்போ, 'நான் போனாலும் நீங்க நல்லா இருக்கணும்'னு சொன்னாங்களாம். உங்க மாமியார் எங்கம்மாகிட்ட சொல்லி அழுதாங்க. அது எந்தக் கட்டம்?" "உட்காருடி" என்று தோழி அவளைக் கிள்ளுகிறாள். அவன் நடுக்கட்டத்தில் அந்த வாக்கியத்தை எழுதுகிறான். பிறகு உள்ளங்கையாலேயே அழிக்கிறான்.

"அவ அப்படிச் சொல்லலைம்மா. அத்தை மனசு ஆறட்டும்னு நானா கட்டிச் சொன்னது." மூன்றாவது கட்டத்தில் 'வாயு' என்று எழுதுகிறான். "அன்னைக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. வெறும் வாயு, படுத்தா சரியாயிடும்னு சொல்லிட்டு, உங்க பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கிட்டிருந்தேன்." நடுக்கட்டத்துக்கு வந்து, அவள் நிஜமாகவே கடைசியாகச் சொன்னதை எழுதுகிறான்: "வாயுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"