அரண்மனைக்கு அழைத்த மருமகன்

பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே வீட்டில் இருந்தும் மாமியார் லிதியாவோடு அதிகம் பேசாத க்ளேப், அன்று சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா, ஞாயித்துக்கிழமை ஜார் அரண்மனையெல்லாம் பாத்துட்டு வரலாமா? காலைல பாவ்லோவ்ஸ்க், மத்தியானம் காத்சினா.”

லிதியாவுக்குச் சுருக்கென்றது. “ஓல்கா வர்றாளா?”

“உங்க மக வரலை. நாம ரெண்டு பேர்தான். கால் வலிச்சா வண்டி வச்சுக்கலாம்.”

வீடு லிதியாவின் பெயரில் இருந்தது. அவன் குழையக் குழைய அவளுக்குச் சந்தேகம் வலுத்தது.

“இங்க பாருப்பா, நைசாப் பேசி இந்த வீட்ட விட்டு என்னைக் கிளப்பிடலாம்னு நினைக்காத.”

க்ளேப் தலையைக் குனிந்துகொண்டான். “கிளம்புறது நான்தாம்மா. எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சு. ஓல்கா இன்னும் உங்ககிட்ட சொல்லலை. இத்தனை வருஷம் எனக்கும் சேத்து சமைச்சுப் போட்டீங்க. உங்கள எங்கயுமே கூட்டிட்டுப் போனதில்ல.”

லிதியா அடுப்பை அணைத்துவிட்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“முட்டைக்கோஸ் வச்ச ரொட்டி கட்டி எடுத்துக்கறேன்,” என்றாள் பிறகு. “உனக்குப் பிடிக்குமே.”