மஞ்சளாகாத தண்ணீர்

குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறும் மேல்தொட்டியும் பம்ப்காரரின் பொறுப்பு. தொட்டியில் குளோரின் கலந்துவிட்டு, வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்துச் சொட்டு மருந்து விடுவார். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம்.

அவர் மனைவிக்குத்தான் அதில் நம்பிக்கை இல்லை. "ஊருக்கெல்லாம் உங்க மருந்தக் குடுங்க. எனக்கு அந்த வாடையே ஆகாது" என்று, குளோரின் போகக் காய்ச்சித்தான் வைப்பாள். வேலை முடிந்து வருகிறவர் அதைச் சுடச்சுட வாயில் ஊற்றி நாக்கைப் பொசுக்கிக்கொள்வார். "ஆறட்டும்னா கேக்கவே மாட்டீங்களா?" என்பாள்.

அவள் இறந்துபோன பிறகு அவர் அடுப்பையே பற்றவைக்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் எல்லா வீட்டுக் குப்பியும் மஞ்சளானது. அவர் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் மட்டும் நிறம் மாறவில்லை. குளோரினைக் கூட்டினார், குழாயைக் கழற்றிக் கழுவினார், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்.

"கிருமி ஒண்ணுகூட இல்ல சார். காய்ச்சி அனுப்பிட்டீங்களா?" என்று போனில் கேட்டாள் அங்கிருந்த பெண்.

"குழாய்லதாம்மா பிடிச்சேன்."

குளோரின் வராத இணைப்பை மூடிவிட வேண்டும் என்பது அவரே போட்ட விதி. மறுநாள் வேலை முடிந்து ஸ்பேனரோடு வீட்டுக்கு வந்தார். தொண்டை வறண்டிருந்தது. மூடுவதற்கு முன் ஒரு டம்ளர் பிடித்தார்.

டம்ளர் கையைச் சுட்டது.

ஸ்பேனரைக் கீழே போட்டார். டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, ஆறட்டும்" என்றார்.