தேங்காய் நார் வால்

உச்சி வெயிலில் சென்னியப்பன் நாலு காலில் ஓடிக்கொண்டிருந்தார். முதுகில் பழுப்புக் கம்பளி, பின்னால் தேங்காய் நாரில் திரித்த வால். எதிரே முப்பது மயில்கள், அவர் நேற்று தன் காட்டில் விதைத்த நிலக்கடலையை ஒவ்வொன்றாகக் கிளறித் தின்றுகொண்டிருந்தன. ஏற்கெனவே ஒரு விதைப்பு போய்விட்டது. இதுவும் போனால் இந்த வருஷம் காடு தரிசுதான். வெடிக்கு மயில் மசியாது. கை வைத்தாலோ ஜெயில். அது பயப்படுவது நரிக்குத்தான். நரி இருந்த காலத்தில் பாதி மயிலின் கதை முட்டையிலேயே முடிந்துவிடும். இப்போது அந்த வட்டாரத்தில் மருந்துக்குக்கூட ஒரு நரி கிடையாது.

தலையைத் தூக்கி நீளமாக ஒரு ஊளை விட்டார். அவ்வளவுதான், மயில்கள் அலறியடித்துக்கொண்டு பறந்தன. ஜெயித்த களிப்பில் அவர் வாலை ஒரு ஆட்டு ஆட்டிய அதே நொடியில், பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பினார். ஊளை கேட்டு ஓடிவந்த பக்கத்துக் காட்டுப் பாவாத்தாள், தலைக்கு மேல் தடியை ஓங்கியபடி நின்றாள்.

"அம்மிணி, அடிச்சுப்போடாதே! நான்தான், ஊராட்சித் தலைவர்!"

"தெரியுதுங்க தலைவரே," என்றாள் அவள், தடியை இறக்காமல். "வாலெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. நரி ஒண்ணுக்கு ஒரு வெள்ளாட்டுக்குட்டி பரிசுன்னு அஞ்சு வருஷத்துக்கு முன்னால மைக்குல சொல்லி, இருந்த நரியையெல்லாம் தீத்துக்கட்டுனீங்களே... அந்த அறிவிப்பு இன்னும் செல்லுமுங்களா?"